ஆமாஞ்சாமியின் மகன்

சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கடைத்தெரு முழுக்க அவர் ஆமாஞ்சாமி. சின்னப் பிள்ளைகள்கூட ஆமாஞ்சாமி கடையில் முடி வெட்டப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வரும். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால்தான் அதிசயம்.

அது சுபாவமா, தொழிலால் வந்ததா என்று அவருக்கே இப்போது பிடிபடாது. தொழில் என்றுதான் சமாதானம் சொல்லிக்கொள்வார். நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தி தொண்டைக்குழிக்கு மேலே நிற்கும்போது ஒருவரிடம் "இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். விருட்டென்று திரும்புவார். கத்தி பதம் பார்த்துவிடும். அதனால் சேரில் உட்கார்ந்தவர் எது சொன்னாலும் ஆமாம். வெயில் கொளுத்துகிறது என்றால் ஆமாம். அடுத்தவர் உட்கார்ந்து, இதெல்லாம் ஒரு வெயிலா என்றால் அதற்கும் ஆமாம். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி என்று இருபக்கமும் பேசி, ஒருவர் முகத்திலும் கீறல் விழாமல் இத்தனை வருஷம் கடையை ஓட்டிவிட்டார்.

இரண்டாவது சேர் அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. இவன் அவருக்கு நேர் எதிர். கத்தரியால் வெட்டுவதைவிட வாயால் வெட்டுவது அதிகம். அவனிடம் தலையைக் கொடுத்தவர்கள் பாதி முடியோடு எழுந்து நின்று சண்டை போட்டதும் உண்டு. வாதம் பண்ணப் பிடித்தவர்கள் அவன் சேருக்கும், நிம்மதியாகக் கண்ணை மூடப் பிடித்தவர்கள் இவர் சேருக்கும் என்று கூட்டம் தானாகவே பிரிந்துகொண்டது.

அந்தப் புழுக்கமான வெள்ளிக்கிழமை காலை மட்டும் எல்லோருக்கும் ஆமாஞ்சாமியின் சேர்தான் வேண்டியிருந்தது. காரணம், அவருடைய மகன்.

மகன்தான் ஊர் பாஸ்கெட்பால் டீமின் கேப்டன். வீட்டில் பெரியவன் என்று கூப்பிடுவார்கள், அவனுக்குப் பின்னால் சின்னவன் யாரும் பிறக்கவில்லை என்றாலும். மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுகிற வேலை. சாயங்காலம் கடையை விட்டால் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டு கோர்ட். லீக் ஆட்டங்களில் அவன்தான் அதிகப் புள்ளி. ஊர்க்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை ஆமாஞ்சாமி கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நேரம்தான் கடைக்குக் கூட்டம் வருகிற நேரம். அதனால் மகனின் ஆட்டத்தை அவர் மறுநாள் காலையில், நுரைக்கு நடுவே அசைகிற வாய்களின் வழியாகத்தான் பார்த்துவந்தார்.

பிளே ஆஃப் கடைசிச் சுற்றில் மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டம் நமக்கு. வியாழன் சாயங்காலம் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்தபோது, கடைசி விநாடிகளில் பந்து கேப்டன் கைக்கு வந்தது. ஊரே எழுந்து நின்றது. அவன் எறியவில்லை. மூலையில் நின்ற ரொட்டிக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தான். ரொட்டிக்காரன் என்றால் பேக்கரியில் மாவு பிசைகிறவன். குட்டையான ஆள், இடது கை. அவன் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள். சனிக்கிழமை மூன்றாவது ஆட்டம்.

"லீக்ல புலி, பிளே ஆஃப்ல பூனை," என்றார் முதலில் வந்து உட்கார்ந்த தபால்காரர். "போன வருஷமும் இதே கதைதான். ஃப்ரீ த்ரோ ரெண்டையும் கோட்டை விட்டான். கைல பந்து இருக்கு, நேரம் இல்ல. அப்ப எறியறவன்தான கேப்டன்? நான் சொல்றது சரியா?"

"ஆமா," என்றார் ஆமாஞ்சாமி, பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சுழற்றிக்கொண்டே.

"எப்படிங்க சரி?" மச்சினன் அடுத்த சேரிலிருந்து கத்தரியை நீட்டினான். அவனிடம் தலையைக் கொடுத்திருந்த லாரி டிரைவர் மெல்லக் குனிந்துகொண்டார். "ரெண்டு பேர் அவன் மேல பாய்ஞ்சாங்க. நாலு கை முகத்துக்கு நேரா. அங்க ஒருத்தன் ஆளே இல்லாம நிக்கறான். யார்கிட்ட குடுப்ப? கடுதாசிய நீ கதவு திறந்திருக்கற வீட்ல குடுப்பியா, சுவத்துல குடுப்பியா?"

"கடுதாசி வேற, கோப்பை வேற. தோத்தா பழி தன் மேல விழணும்னு நினைக்கறவன்தான் தலைவன். இவன் பழிய அந்த ரொட்டிக்காரன் தலையில கட்டிட்டான். பாவம், அவன் கடைக்கே வரலயாம் இன்னைக்கு."

"நல்லாருக்கே! பந்து உள்ள விழுந்திருந்தா என்ன சொல்லியிருப்ப? என்னா ஒரு பாஸ், என்னா ஒரு பாஸுன்னு குதிச்சிருப்ப. விழலைன்னதும் பூனையா?"

"உன் மருமகன், நீ பேசுவ. பெத்தவரே ஆமாங்கறாரு பாரு."

மச்சினன் அவரைத் திரும்பிப் பார்த்தான். ஆமாஞ்சாமி கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டும்போது பேசுவது அவர் வழக்கமில்லை.

தபால்காரருக்குப் பின் டெய்லர் வந்தார். கேப்டனுக்குத் திமிர், யாரையும் மதிப்பதில்லை என்றார். ஆமாம். பிறகு இரும்புக்கடைக்காரர், கேப்டனுக்கு அதட்டத் தெரியவில்லை, ரொம்பப் பணிந்து போகிறான் என்றார். அதற்கும் ஆமாம் விழுந்தது. பையன் வேலைக்குப் போயிருப்பான், இதெல்லாம் அவன் காதுக்கு எட்டாது, நாளைக்கு ஜெயித்துவிட்டால் இதே வாய்கள் வேறு பேசும் என்று நினைத்துக்கொண்டார்.

பதினோரு மணிவாக்கில் கிளப் செயலாளர் வந்தார். தினமும் ஷேவிங். பெரிய மனிதர், பேச்சில் அவசரம் காட்டமாட்டார். துணியைக் கழுத்தில் சுற்றும்வரை காத்திருந்து, நுரை பூசி முடித்ததும் ஆரம்பித்தார்.

"கமிட்டியில ஒரே குழப்பம். கேப்டன மாத்தணும்னு பாதிப்பேரு. வேண்டாம்னு பாதிப்பேரு. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். நீங்க பெத்தவரு. நீங்களே சொல்லுங்க. அவனுக்குத் தைரியம் உண்டா?"

கத்தி அவர் இடது கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இது ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. ஆமாம் என்றால் செயலாளருக்குப் பிடித்த பதிலா இல்லையா என்று தெரியவில்லை. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். முகம் முழுக்க நுரை. ஒன்றும் புரியவில்லை. எதையாவது சொல்லி ஒப்பேற்ற வேண்டும் என்று, மனதில் முதலில் தட்டுப்பட்டதை எடுத்துவிட்டார்.

"தைரியம்னா என்னங்க... நேரம் வந்தாத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரிக்கு வயித்துல ஆபரேஷன் நடந்துச்சே, அப்ப பாதியில டாக்டர் வந்து, சொந்தக்காரங்க யாராவது உள்ள வாங்க, ஒரு விஷயம் பேசணும்னாரு. கால் வரணுமே! நேரா வெளிய ஸ்கூட்டர் நிறுத்தற இடத்துக்குப் போய் நின்ன ஆளும் எங்க வீட்ல உண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தன்னைத்தான் சொன்னார். இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

செயலாளர் கண்ணைத் திறந்தார். "யாரு, கேப்டனா?"

கத்தி தாடைக்கு அடியில் இருந்தது. தோலை விரலால் இழுத்துப் பிடித்திருந்தார். இல்லைங்க, நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்கு அவர் திரும்புவார். அடுத்த சேரில் ஆள் இருக்கிறது, பெஞ்சில் ஆள் இருக்கிறது. நாக்கு தனக்குப் பழகின இடத்துக்குப் போய்விட்டது.

"ஆமா."

"ம்," என்றார் செயலாளர். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப இது புதுசு இல்ல."

அடுத்த சேரில் கத்தரிச் சத்தம் நின்றது. ஆமாஞ்சாமி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படிகாரக் கட்டியை நனைத்துச் செயலாளரின் கன்னத்தில் தேய்த்து, பவுடர் போட்டு, துணியை உதறி, வாசல்வரை வழியனுப்பினார். திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. மச்சினன் மட்டும் கத்தரியோடு நின்றான்.

"மச்சான், என்ன சொன்னீங்க நீங்க?"

"என்ன சொன்னேன்?"

"நானும் ஆஸ்பத்திரிலதான் இருந்தேன். மருந்து வாங்கிட்டு ஓடி வர்றேன், அதுக்குள்ள அவன் உள்ள போறான். பள்ளிக்கூடச் சட்டைகூட மாத்தல. டாக்டர் கூட்டிட்டுப் போய் என்னென்னமோ சொன்னாரு, அவ்வளவையும் நின்னு கேட்டுட்டு வந்தான். ஸ்கூட்டர் பக்கத்துல நின்னது யாரு?"

"வாய் தவறிப்போச்சுப்பா. கத்தி வேற கழுத்துல..."

"கத்தி அவரு கழுத்துலதான இருந்துச்சு? உங்க கழுத்துலயா இருந்துச்சு?"

ஆமாஞ்சாமி தரையில் கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. கடைக்கு மேலேதான் வீடு. நடுவே பலகைத் தளம்தான். மேலே தண்ணீர்க் குடத்தை வைத்தால் கீழே கேட்கும். கீழே தும்மினால் மேலே கேட்கும்.

"வீட்ல யாரு? உங்கக்கா மார்க்கெட் போயிருக்காளே?"

"பெரியவன்தான்," என்றான் மச்சினன். "வேலைக்குப் போகல இன்னைக்கு. காலையிலேருந்து படுத்திருக்கான். உங்களுக்குத் தெரியாதா?"

விளக்குமாறு கையிலேயே நின்றது. காலையிலிருந்து சொன்ன ஆமாம்களை எல்லாம் ஆமாஞ்சாமி எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டார். கடைசி ஆமாம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மேலே ஏறிப் போக வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபோதெல்லாம் ஒரு தலை வந்து உட்கார்ந்தது. உள்ளுக்குள் அவர் அதற்கு நன்றி சொன்னார் என்பதுதான் உண்மை. சாயங்காலம் தபால்காரர் வாசலிலிருந்தே சத்தமாகச் செய்தி சொன்னார்.

"மாத்தியாச்சு! டீம்ல ஒருத்தன் இருக்கான்ல, நெட்டையன், அவன்தான் இனிமே கேப்டன். உங்க பையன் டீம்ல இருக்கான், ஆனா கேப்டன் இல்ல. கமிட்டியில ஒரே பேச்சுல முடிஞ்சிருச்சாம். பெத்த அப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் நமக்கென்னன்னு செயலாளர் சொன்னாராம்."

அன்றைக்கு விளக்கு வைத்ததுமே கடையைச் சாத்திவிட்டு மேலே போனார். அறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவி அடுப்படியில் முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே பேசினாள்.

"ஏங்க, மார்க்கெட்ல பாக்கற பொம்பளை எல்லாம் என்னைப் பிடிச்சு வெச்சுக் கேக்கறா. ஆபரேஷன் அன்னைக்கு உன் பையன் ஓடிட்டானாமேன்னு. அதைப்போய் வெளிய சொல்லுவாங்களா? அப்ப அவனுக்கு என்ன வயசு? பயந்திருப்பான், வெளிய போய் நின்னிருப்பான். அதனால என்ன?"

ஆமாஞ்சாமி வாசற்படியிலேயே நின்றார்.

"எல்லாருக்கும் உங்களை மாதிரி நெஞ்சுத் தைரியம் வருமா? நான் கண்ணைத் திறந்ததும் அவன்தான பக்கத்துல நின்னுக்கிட்டு சொன்னான், அம்மா, அப்பா டாக்டர்கிட்ட எல்லாம் பேசிட்டாரு, ஒண்ணும் பயமில்லைன்னு. அன்னைக்கு நீங்க மட்டும் இல்லைன்னா நான் இல்ல. அதை நான் இன்னைக்குவரைக்கும் சொல்லிட்டுத்தான இருக்கேன்?"

சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், கல்யாண வீடுகளில், இவர் மேல் கோபம் வந்து அடங்கியதும்கூட. அவள் சொல்லும்போதெல்லாம் இவர் தலையைக் குனிந்துகொள்வார். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வாள்.

"ஆனா நீங்க செஞ்சதைப் பெருசா காட்டறதுக்குப் பிள்ளையச் சின்னதாக்கியிருக்க வேண்டாம். அது தப்புங்க." தோசைக்கரண்டியால் முட்டையைப் புரட்டினாள். "ஒரு வாய்கூடச் சாப்பிடல. ஏண்டான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மாங்கறான். நீங்களாவது கூப்பிடுங்க."

கதவுக்கு முன்னால் போய் நின்றார். "பெரியவனே," என்றார். உள்ளேயிருந்து, "பசிக்கலப்பா" என்று சாதாரணமாகத்தான் பதில் வந்தது. கோபமாக வந்திருந்தால் தேவலை. அவர் உட்கார்ந்து முட்டையைத் தின்றார். அந்த நிலையிலும் தின்ன முடிந்ததே என்று பிறகு வெகுநேரம் தன்னையே வெறுத்துக்கொண்டார்.

ஆட்ட நாள் காலையில் அப்பாவிடம் ஷேவ் பண்ணிக்கொள்வது மகனின் வழக்கம். மீசை முளைத்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சனிக்கிழமை அவன் வரமாட்டான் என்றுதான் ஆமாஞ்சாமி நினைத்தார். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் திரும்பினால், அவன் சேரில் உட்கார்ந்திருந்தான். விரல் நகக்கண்களில் பாலிஷ் கறை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

துணியைக் கட்டினார். வெந்நீர்த் துண்டைப் பிழிந்து முகத்தில் வைத்து எடுத்தார். நுரை பூசும்போது கை வழக்கம்போல வேலை செய்தது. கத்தியை எடுத்தவர் கன்னத்தில் வைக்காமல் தோல்வார்ப் பக்கம் திரும்பினார். மகன் கண்ணாடியில் அதைப் பார்த்தான்.

"ரொட்டிக்காரன் பயிற்சியில அந்த மூலையிலேருந்து எறிஞ்சா தப்பவே மாட்டான்," என்றான் தானாகவே. "நான் எறிஞ்சிருந்தா தட்டி விட்டிருப்பாங்க. அதான் குடுத்தேன். இன்னைக்கு வந்தாலும் அவனுக்குத்தான் குடுப்பேன்."

"நீ குடுத்தது சரிதாம்பா."

"ம்."

"நிஜமாத்தான் சொல்றேன். நீ பயந்து குடுக்கல. உனக்கு பயம் கிடையாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மகன் சிரித்தான். நல்ல சிரிப்புதான், குத்தல் இல்லை. அதனால்தான் ஆழமாக இறங்கியது.

"இப்ப நான் சேர்ல உக்காந்திருக்கேம்பா."

ஆமாஞ்சாமி கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். தெருவில் யாரோ பால் கேனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நான் போய்ச் செயலாளர்கிட்ட சொல்லிடறேன். அது நீ இல்ல, நான்தான்னு."

"வேண்டாம்பா. விடுங்க. சொன்னா அம்மா காதுக்குப் போகும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்படறாங்க. அது அப்படியே இருக்கட்டும்." தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டையைக் காட்டினான். "வெளிய நின்னது நானாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் குறையல. போடுங்க, நேரமாகுது."

அந்தத் தொண்டையில் கத்தியை வைக்க ஆமாஞ்சாமிக்கு வெகுநேரம் ஆயிற்று.

செயலாளர் கடைக்கு வந்தபோது வானம் மூடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் ஆட்டம் தள்ளிப்போகும் என்று பெஞ்சில் இருந்தவர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தபால்காரர், டெய்லர், இரும்புக்கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். ஆமாஞ்சாமி நுரை பூசினார், ஒரு பக்கக் கன்னத்தை முடித்தார், பிறகு கத்தியை மடக்கித் தட்டில் வைத்தார். மகன் வேண்டாம் என்றது காதிலேயே இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

"ஐயா, முந்தாநாள்... இல்ல, நேத்து ஒண்ணு சொன்னேனே. ஆஸ்பத்திரி விஷயம். அது பெரியவன் இல்லைங்க. நான்தான் வெளிய போய் நின்னேன். அவன்தான் உள்ள போனான்."

அவர் பயந்த மாதிரியே செயலாளர் விருட்டென்று திரும்பினார். பாதி நுரையும் பாதி மொழுமொழுப்புமாக அவரை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து அவருடைய தோளைத் தட்டினார்.

"புரியுதுங்க. பெத்த மனசு. பையன் முகம் வாடினதும் தாங்கல. பழிய உங்க மேல போட்டுக்கறீங்க."

"இல்லைங்க, சத்தியமா..."

"நான் பாத்தேன்!" என்று மச்சினன் கத்தினான். "நான் அங்கதான் இருந்தேன். உள்ள போனது பெரியவன்!"

"மாமன் மருமகனை விட்டுக் குடுப்பானா?" என்றார் டெய்லர். பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பான்னா இப்படி இருக்கணும்யா," என்றார்.

ஆமாஞ்சாமி திருதிருவென்று விழித்தார். வாழ்க்கையில் முதன்முறையாகச் சேரில் இருந்தவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சொன்னதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு. அதைவிட யாராவது அவர் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். மடக்கின கத்தியை விரித்து, மிச்சக் கன்னத்தையும் முடித்து அனுப்பினார்.

"சேர்ல இருக்கறவங்ககிட்டயே சொல்லிட்டிருந்தா எப்படி மச்சான்?" என்றான் மச்சினன், கூட்டம் கலைந்த பிறகு. அவன் குரல் இறங்கியிருந்தது. "நம்பற ஆளு மேல வீட்ல இருக்கு, எங்கக்கா. அங்க சொல்லுங்க."

"பெரியவன் வேண்டாங்கறான்."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்டயும் அன்னைக்கே சத்தியம் வாங்கினவன்தான? நீங்களும் ஆமான்னு சொல்லிடுங்க."

மழை நாலு துளி போட்டுவிட்டு விலகிப் போனது. ஆட்ட நேரத்தில் கடைக்கு ஷட்டர் இறங்கியதைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்து விசாரித்தார். ஆமாஞ்சாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். மரப்பலகைகளை அடுக்கி உட்கார இடம் செய்திருந்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ஊரார் வாய் வழியாகப் பார்த்த ஆட்டம் ஒன்று, கண்ணால் பார்த்த ஆட்டம் ஒன்று. இத்தனை வேகமாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஷூக்கள் சிமெண்டில் கீச்சிட்டன. கேப்டனாக நெட்டையன் கை தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். ஆனால் மூச்சு வாங்குகிறவன் எல்லாம் பெரியவன் முகத்தைத்தான் பார்த்தான். அவன் கையால் லேசாகக் காட்டுவான், அவர்கள் நகருவார்கள். ரொட்டிக்காரன் ஒருமுறை கீழே விழுந்தபோது பெரியவன்தான் ஓடிப்போய்த் தூக்கி, காதில் எதையோ சொல்லிவிட்டு வந்தான். இதையெல்லாம் நுரைக்கு நடுவே ஒருவரும் சொன்னதில்லை.

கடைசியில் மறுபடியும் ஒரு புள்ளி பின்னால். பந்து பெரியவன் கையில். மறுபடியும் இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். "எறிடா! எறிடா!" என்று ஊரே கத்தியது. ஆமாஞ்சாமி கத்தவில்லை. அவர் மூலையைப் பார்த்தார். ரொட்டிக்காரன் தனியாக நின்றான். பந்து அவனுக்குப் போயிற்று. இந்தமுறை அது வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது.

கூட்டம் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. ரொட்டிக்காரனைத் தூக்கினார்கள். நெட்டையனைத் தூக்கினார்கள். தபால்காரர் வியர்வையும் மூச்சுமாகப் பலகைக்கு ஓடிவந்தார். "பாத்தீங்களா? கேப்டன மாத்தினதும் ஜெயிச்சாச்சு! நான் சொன்னேன்ல? சரியா?"

ஆமாஞ்சாமி அவரைப் பார்த்தார். "இல்ல," என்றார். தபால்காரர் அதைக் காதில் வாங்காமலே கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. கோர்ட்டின் ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு தனியாக நின்ற மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வியாழக்கிழமையும் இதே மாதிரிதான குடுத்தான்?"

"இதே மாதிரிதான்."

"அப்ப எதுக்குக் கேப்டன்லேருந்து எடுத்தாங்க?"

"நான் சொன்னதாலதான்."

"ஆமா, சொல்லியிருக்கக் கூடாது. போகட்டும் விடுங்க. அன்னைக்கு அவன் வெளிய நின்னா என்ன? அதான் நீங்க உள்ள..."

"நான் உள்ள வரல."

அவள் திரும்பினாள்.

"டாக்டர் கூப்பிட்டாரு. எனக்குக் கால் வரல. நான் ஸ்கூட்டர் பக்கத்துல போய் நின்னுட்டேன். பெரியவன்தான் உள்ள போனான். எல்லாத்தையும் அவன்தான் கேட்டான், அவன்தான் சரின்னு சொன்னான். நீ கண்ணைத் திறந்ததும் என் பேரைச் சொல்லிட்டான். நேத்து அந்த ஆளு யாருன்னு செயலாளர் கேட்டாரு. நான் அவன் பேரைச் சொல்லிட்டேன்."

சுற்றிலும் ஒரே கூச்சல். யாரோ டின்னைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இத்தனை வருஷமா பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தேனே. நீங்க பக்கத்துலயே உக்காந்திருப்பீங்களே. அப்பல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்களா?"

ஆயுசு முழுக்க ஆமாஞ்சாமி எத்தனையோ பேருக்கு எளிதாக எடுத்துக் கொடுத்த வார்த்தை அது. இன்றைக்கு அதைத் தொண்டையிலிருந்து வெளியே கொண்டுவருவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஆமா," என்றார்.

அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, பலகைப் படிகளில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகன் நின்ற பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆமாஞ்சாமி எழுந்து கோர்ட் வாசல்வரை போனார். வாசலுக்கு வெளியே ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்ததும் நின்றார். கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, திரும்பி, கோர்ட்டுக்குள் நடந்தார்.